டேங்க் என்ன கீழே இறங்கிடுச்சா?

தண்ணீர் சுத்தமாக நின்றுபோயிருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்போம். எங்கள் வீட்டில் அது நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருந்தது. குழாயைத் திறந்தால் முதலில் ஓர் இருமல், காற்றைத் துப்பும், அப்புறம் பென்சில் தடிமனுக்கு ஓர் ஒழுகல். வாளி நிறைவதற்குள் பல் தேய்த்து முகம் கழுவிவிடலாம், முகம் கழுவத் தண்ணீர் இருந்தால். இப்படியே ஐந்து மாதம் ஓட்டினோம். அந்த ஐந்து மாதமும் நான் வீட்டில் உள்ளவர்களுக்கு இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது. பாடத்தில் தவறே இல்லை. அதுதான் கொடுமை.

தாம்பரத்துக்குத் தெற்கே, முழுக்க போர் தண்ணீரை நம்பிய தெரு எங்களுடையது. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடியில் நாங்கள். மொட்டைமாடியில் மூன்றடிச் செங்கல் மேடை, அதன் மேல் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க். டேங்கிலிருந்து இரண்டு லைன் புறப்படும், ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டுக்கும் தனித்தனி கேட் வால்வு, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை மூடும் வகை. வீடு கட்டி பதினோரு வருஷம். அதுவரை தண்ணீரைப் பற்றிய புகார் எல்லாம் உப்பு, பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறை, கொட்டும் தலைமுடி, இவ்வளவுதான். வேகம் பற்றி யாரும் பேசியதே கிடையாது.

போன போகிக்கு முந்தின ஞாயிறு டேங்க் கழுவினேன். அதே வாரத்தில்தான் மாமனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஷவரை மாட்டினோம். தட்டு சைஸில், தலைக்கு மேல் மழை மாதிரி கொட்டும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த வகை. மறுநாள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து திறந்தால் மழையாவது, தூறல்கூட இல்லை. ஷவரின் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நூல் நூலாக ஒழுகியது, மற்ற ஓட்டைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. எல்லோரும் ஷவரைத் திட்டினோம். சமையலறை சிங்க்கில் தண்ணீர் குறைந்ததற்குக் குழாய் முனையில் இருக்கும் வலை அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் இருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து மாட்டினோம், துளி முன்னேற்றம். வெந்நீர் வராததற்கு கீசர் மேல் பழி. போர் தண்ணீர் சூடாகச் சூடாக அதிலிருக்கும் சுண்ணாம்பு உள்ளே படியும் என்பதும் நிஜம்தான். இப்படி ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்குமோ என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கணக்கு சரியாகத்தான் இருந்தது

ஒரு சனிக்கிழமை ஷவர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தேன். குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. அங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிளஸ் டூ மாணவன் எழுந்துகொண்டான். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1 பார். எங்கள் ஷவர் தரையிலிருந்து 7 அடி. அங்கிருந்து தளத்துக்கு 3 அடி, தளத்தின் கனம் அரை அடி, மேடை 3 அடி, டேங்குக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் இன்னொரு 3 அடி. மொத்தம் ஒன்பதரை அடி, மீட்டரில் 3-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 0.3 பார் கூட முழுதாக இல்லை. டேங்க் காலியாகப் போகும் நேரத்தில் 0.2. அட்டைப்பெட்டி கேட்கும் 1 பார் கிடைக்க வேண்டுமென்றால் டேங்கை 33 அடி உயரத்தில், கிட்டத்தட்ட இன்னும் இரண்டு மாடிக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். கீழ்வீட்டுக்கு எங்களைவிடப் பத்தடிக்கு மேல் கூடுதல் இறக்கம், ஷவர் மட்டத்தில் 0.6 பார். அவர்களுக்கு நன்றாக வருகிறது, எங்களுக்கு வரவில்லை. கேஸ் முடிந்தது. தாளை மனைவியிடம் காட்டியபோது எனக்கு வந்த பெருமிதத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அம்மா மட்டும் காய் நறுக்கிக்கொண்டே, "போன வருஷம் நல்லாத்தானேடா வந்துச்சு" என்றாள். "போன வருஷம் சாதா ஷவர்ம்மா" என்றேன். "சிங்க்குல?" என்றாள். "அது வலை அடைச்சிருக்கு." அவ்வளவுதான், அம்மா மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

(நம்முடைய ஊர்களில் இந்த உயரக் கணக்கு ரொம்ப முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 1999-ஆம் வருஷக் குடிநீர் வழங்கல் கையேட்டில் தெருக் குழாயிலேயே தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு 7 மீட்டர், அதன் மேல் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு 12 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி இருந்தால் சம்ப், மோட்டார், மாடி டேங்க் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் தானே மாடியேறும். நடப்பில் தெரு லைன் சம்புக்குள் சொட்டினாலே நாம் நிம்மதியாகிறோம். அதனால் ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே குடிநீர் வாரியமாகி, தனக்கான அழுத்தத்தை மொட்டைமாடியில் சேமித்து வைக்கிறது. சிலர் தெருக் குழாயிலேயே நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவார்கள். அது சட்டப்படியும் தப்பு, பக்கத்து வீட்டுக் குடத்தில் கைவைப்பதுமாகும்.)

பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஷவரைத் திறந்து பார்த்தார், டேங்கை அண்ணாந்து பார்த்தார், "ஹைட் பத்தலை சார், பிரஷர் பம்ப் போட்டுடலாம்" என்றார். என் கணக்கை ஒரு தொழிலாளியே ஆமோதித்துவிட்டார், இனி என்ன? அரை எச்பி பம்ப், மொட்டைமாடியில் எங்கள் லைனில், கேட் வால்வுக்கும், லைனில் காற்று போய்வர நிமிர்த்தி வைத்திருக்கும் ஏர் பைப்புக்கும் அடுத்து மாட்டினார். கூலியோடு பதினோராயிரம் சொச்சம்.

முதல் இருபது வினாடி சொர்க்கம். அப்புறம் பம்ப் நின்றது. பிறகு ஓடியது. பிறகு நின்றது. ஷவர் குபுக்கென்று கொட்டும், காற்று விடும், மறுபடி குபுக். "ஏர் இழுக்குது சார்" என்று டேங்க் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஏர் பைப்பின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்தார். அதற்குப் பிறகு காற்று நின்றது, சத்தம் ஆரம்பித்தது. மிக்ஸியில் சரளைக் கல்லைப் போட்டு அரைப்பது போல. கீழ்வீட்டுக்காரர் லுங்கியோடு மேலே ஓடி வந்தார். பிளம்பர் கொஞ்ச நேரம் அதை உற்றுக் கேட்டுவிட்டு, "இந்த பம்ப் பத்தாது சார், ஒரு எச்பி போடணும்" என்றார். ஒரு எச்பி என்றதும்தான் எனக்குச் சுருக்கென்றது. சந்தேகம் வந்து இல்லை, காசு போகிறதே என்று. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். பம்பைக் கழற்றிப் பரணில் வைத்து, லைனைப் பழையபடி சேர்த்துவிட்டுப் போனார். ஏர் பைப்பின் மூடி மட்டும் அப்படியே இருந்தது.

மட்டக்குழாய்

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம், மழைக்கு முன்னால் மொட்டைமாடி வெடிப்புகளைப் பூசிவிடலாம் என்று எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியையே கூப்பிட்டேன். எழுபதை நெருங்குகிறார், இப்போது சின்ன வேலைகள் மட்டும்தான். வந்தவர் கை கழுவக் குழாயைத் திறந்தார். ஒழுகலைப் பார்த்தார். "என்ன தம்பி, நீர்க்கடுப்பு வந்த மாதிரி போவுது?"

நான் பாடத்தை ஆரம்பித்தேன். 10 மீட்டர், 1 பார், ஒன்பதரை அடி. பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "நான் கட்டிக் குடுத்தப்ப நல்லா வந்துச்சுல்ல?" என்றார்.

"வந்துச்சு."

"அப்ப டேங்க் எத்தினி அடில இருந்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. "அதே மேடைதான? டேங்க் என்ன கீழ இறங்கிடுச்சா?"

அம்மா கேட்டதும் இதேதான். காய் நறுக்கும் குரலில் கேட்டதால் எனக்குக் கேள்வியாகவே படவில்லை. பதினோரு வருஷமாக மாறாத உயரம், ஜனவரியில் புதிதாக வந்த தொல்லைக்கு எப்படிக் காரணமாகும்? கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அத்தனை எண்களை எழுதியவன், "எப்போதிலிருந்து?" என்ற ஒரே ஒரு வரியை எழுதவில்லை. கீழ்வீட்டில் வருகிறது, மேலே வரவில்லை என்பதை உயரத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். இரண்டும் தனித்தனி லைன் என்பதும் எனக்குத் தெரியும், இரண்டு வால்வையும் திறந்து மூடுகிறவனே நான்தான். இருந்தும் தோன்றவில்லை.

மேஸ்திரி தன் கோணிப்பையிலிருந்து மட்டக்குழாயை எடுத்தார். கட்டட வேலையில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் மட்டம் பிடிக்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும். அதன் ஒரு முனையை பால்கனியில் வாஷிங் மெஷின் குழாயில் செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

டேங்க் பக்கத்தில் டியூபை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே குழாயைத் திறந்தார். சிறு குமிழிகளோடு தண்ணீர் டியூபுக்குள் ஏறி வந்தது, மெதுவாக, ஆனால் நிற்காமல். தளத்தைத் தாண்டியது. மேடையைத் தாண்டியது. டேங்கின் வளையங்களில் மேலிருந்து இரண்டாவதுக்கு நேரே வந்து இலேசாக ஆடி நின்றது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீரும் அதே இரண்டாவது வளையத்தில்.

"எங்க நிக்குது?" என்று கத்தினார். சொன்னேன். "அப்ப வேகமெல்லாம் முழுசா இருக்கு தம்பி. வழிதான் இல்ல."

அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. தண்ணீர் அசையாமல் நிற்கும்போது நடுவில் அடைப்பு இருந்தாலும், ஊசி முனை அளவு வழி இருந்தால் போதும், இந்தப் பக்கம் முழு உயரமும் வந்து சேர்ந்துவிடும். நேரம்தான் எடுக்கும். பிளஸ் டூவில் படித்தது இதுவும்தான், ஆனால் இந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை. நான் கணக்குப் போட்ட அழுத்தம் தண்ணீர் நிற்கும்போது இருப்பது, வரத்து என்பது ஓடும்போது பார்ப்பது. நாம் இரண்டையும் சேர்த்து "பிரஷர் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் அந்த வார்த்தையைக் கேட்டு பிரஷர் பம்ப் எடுத்துக் கொடுக்கிறார்.

"இப்ப பாத்ரூம் குழாயைத் தொறக்கச் சொல்லு" என்றார். மனைவி திறந்தாள். டியூபில் நின்ற தண்ணீர் என் கண் முன்னால் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேடைக்குக் கீழே, தளத்துக்குக் கீழே, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்வையை விட்டே போய்விட்டது. கீழிருந்து மேஸ்திரி, "குழாய்க்கு ஒரு சாண் மேல நிக்குது" என்றார். பாத்ரூமை மூடினால் மறுபடி மெதுவாக ஏறியது. சிங்க்கைத் திறந்தால் மறுபடி விழுந்தது. அடைப்பு ஷவரிலோ சிங்க் வலையிலோ இருந்திருந்தால் பால்கனி டியூபுக்கு இந்த அளவு அடி விழாது. எல்லாக் குழாய்க்கும் பொதுவான இடத்தில், அதாவது மேலே எங்கேயோ, கழுத்து நெரிபட்டிருக்கிறது.

மேலே ஏறி வந்தவர் கண்ணில் முதலில் பட்டது ஏர் பைப்பின் மூடி. "இதை யார் அடைச்சது?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். பாத்ரூம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பைப்பின் வாயில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். கையைப் பிடித்து இழுத்தது. குழந்தை விரலைச் சப்புவது போல, அவ்வளவு அழுத்தமாக. கையை எடுத்ததும் உள்ளே கொர்ர் என்று சத்தம். ஏர் பைப் கேட் வால்வை ஒட்டி, அதற்கு அடுத்து நிற்கிறது. வீட்டுக்குள் குழாய் கேட்கிற தண்ணீரை வால்வு விடவில்லை, பற்றாக்குறையை லைன் காற்றாக இழுத்து நிரப்பிக்கொள்கிறது. குழாயின் இருமல் அதுதான். பம்பின் சரளைக் கல் சத்தத்துக்கும் மூலம் அந்தப் பற்றாக்குறைதான். தள்ளுவதற்குத் தண்ணீரே வராத இடத்தில் அதை மாட்டி, மூச்சுவிடும் துவாரத்தையும் அடைத்து வைத்திருந்தோம். ஒரு எச்பி போட்டிருந்தால் இன்னும் சத்தமாக அழுதிருக்கும்.

நானே இறுக்கியது

வால்வு டேங்கை ஒட்டி இருப்பதால் டேங்கைக் காலி செய்யாமல் கைவைக்க முடியாது. வீட்டிலிருந்த அண்டா, குடம், குழந்தை குளிக்கும் டப், இட்லிப் பானை வரை எல்லாவற்றையும் நிரப்பினோம், கீழ்வீட்டாரும் நிரப்பிக்கொண்டார்கள். மிச்சத்தைச் செடிகளுக்கு விட்டோம். மேஸ்திரி வால்வின் தலையைக் கழற்றியதும் தண்டு மட்டும் தனியாகக் கையோடு வந்தது. அதன் நுனியில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்க வேண்டிய பித்தளைத் தகடு உள்ளேயே தங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். அரைக்கு மேல் மூடிய நிலையில், சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பிடித்து, அசையாமல் நின்றது. கீழே பிறை நிலா மாதிரி ஓர் இடைவெளி. ஐந்து மாதமாக எங்கள் குடும்பம் குளித்தது, துவைத்தது, சமைத்தது எல்லாம் அந்தப் பிறையின் வழியாக.

போகிக்கு முன்னால் டேங்க் கழுவியவன் நான். வால்வு முழுதாக மூடவில்லை, அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கிவிடுமே என்று பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கியவனும் நான். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறுகிவிட்டது என்று திருப்தியாக இருந்தது. பதினோரு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்து நைந்துபோன கொக்கி அந்த நேரம்தான் உடைந்திருக்க வேண்டும். கழுவி முடித்துத் திறக்கும்போது கைப்பிடி எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ அத்தனையும் சுற்றியது, தண்டு ஏறியது, தகடு ஏறவில்லை. கேட் வால்வின் தகடு உள்ளே ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அது எனக்குப் பிடிக்காத விஷயமாகிவிட்டது, அதனால் பால் வால்வு போடச் சொன்னேன். கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது, தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும். இதுவும் உப்புத் தண்ணீரில் சும்மா விட்டால் இறுகிவிடும், மாதம் ஒரு தடவை மூடித் திறந்துவிட வேண்டும் என்றார். வால்வு, டெஃப்லான் டேப், இரண்டு இணைப்புத் துண்டுகள் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய் ஆகவில்லை.

காலையில், கழற்றுவதற்கு முன்னால், பால்கனிக் குழாயில் 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்திருந்தேன், 4 நிமிடம் 10 வினாடி. சாயங்காலம் டேங்க் நிரம்பியதும் பார்த்தால் 1 நிமிடம் 20 வினாடி. இந்த வாளிக் கணக்கை ஜனவரியிலேயே போட்டிருக்கலாம். இன்னும் சொன்னால், தொல்லை ஒன்றும் இல்லாத காலத்தில் ஒரு தடவை போட்டு எங்காவது குறித்து வைத்திருக்கலாம். இப்போது டேங்க் மேடையில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.

மாமனாரின் ஷவர்? அந்த விஷயத்தில் என் கணக்கு சரி. வால்வு மாற்றிய பிறகும் அது தூறல்தான் போட்டது, 0.3 பாருக்கு அதற்கு மேல் வராது. பழைய சின்ன ஷவரை மாட்டிவிட்டோம். பெரியது பம்பின் பக்கத்தில் பரணில் கிடக்கிறது. இப்போது தண்ணீர் கொடுக்கிற வால்வு இருக்கிறது, பம்பை மாட்டினால் ஓடும், பெரிய ஷவரும் கொட்டும். மனைவி வேண்டாம் என்கிறாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறதாம்.

போன வாரம் பிளம்பர் போன் பண்ணினார். ஒரு எச்பி பம்ப் ஒன்று விலை குறைச்சலாக வந்திருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாங்க, கேட் வால்வு உள்ளே உடைந்து பாதி மூடிக் கிடந்திருக்கிறது, மாற்றியாச்சு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்பவே நெனச்சேன் சார்" என்றார்.